பின்சுவர் மூலை வேண்டாம்: சரவுண்ட் ஸ்பீக்கருக்குச் சரியான இடம்

கேள்வி: எங்கள் ஹால் 16 அடி நீளம், 12 அடி அகலம். 12 அடிச் சுவரில் டிவி இருக்கிறது. எதிர்ச்சுவரை ஒட்டி மூன்று பேர் உட்காரும் சோபா. வலது பக்கம் முழுச் சுவர். இடது பக்கம் சுவரே இல்லை, டைனிங் பகுதியோடு திறந்து கிடக்கிறது. 5.1 ஏவி ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் இயக்கும் பெட்டி), முன்பக்க ஸ்பீக்கர் மூன்று, கீழ்ஸ்தாயிச் சத்தத்துக்கான சப்வூஃபர் எல்லாம் வாங்கியாகிவிட்டது. சரவுண்ட் இரண்டுதான் பாக்கி. பின்சுவரின் இரண்டு மூலையிலும் சீலிங்கை ஒட்டி மாட்டிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். சீலிங்கில் பதிக்கிற வட்ட ஸ்பீக்கர்தான் நல்லது என்கிறார் கடைக்காரர். அடுத்த மாதம் பெயின்ட் வேலை தொடங்குகிறது, அதற்குள் ஒயர் போட்டாக வேண்டும். எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

பதில்: முதலில் இடம், அப்புறம்தான் ஸ்பீக்கர். இந்த வரிசை மாறுவதால்தான் பல வீடுகளில் காசு வீணாகிறது. நல்ல ஸ்பீக்கரைத் தப்பான இடத்தில் மாட்டிவிட்டு, "பின்னாடி சத்தமே கேக்கலையே" என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே கேட்டீர்களே, அது ரொம்ப நல்லது.

சரவுண்ட் ஸ்பீக்கரை நம் ஊரில் "பின் ஸ்பீக்கர்" என்று சொல்லிச் சொல்லியே அது பின்சுவருக்குப் போய்விட்டது. 5.1 அமைப்பில் அதன் இடம் முதுகுக்குப் பின்னால் இல்லை, பக்கவாட்டில்தான். டிவியை நேராகப் பார்த்து உட்கார்ந்தால் டிவி 0 டிகிரி, காதுக்கு நேர் பக்கம் 90 டிகிரி. சரவுண்ட் இருக்க வேண்டியது 110 முதல் 120 டிகிரிக்குள் என்கிறது சினிமா ஒலித் தொழில்நுட்ப நிறுவனமான டால்பி. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு 100-லிருந்து 120 வரை போகிறது. அதாவது தோளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சமே கொஞ்சம் பின்னால்.

இதற்குக் காரணம் நம் காதுதான். ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, இரண்டு காதுக்கும் அது போய்ச் சேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்தே மூளை கணக்குப் போடுகிறது. நேர் பின்னாலிருந்து வருகிற சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் போகும். அப்போது முன்னாலா பின்னாலா என்பதே சில சமயம் குழம்பிவிடும். பக்கத்திலிருந்து வந்தால் அந்தக் குழப்பம் இல்லை. மழைக் காட்சியில் மழைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற உணர்வைத் தருவது இந்தப் பக்கவாட்டுச் சத்தம்தான். அதோடு, சீலிங்கை ஒட்டிய மூலையில் இரண்டு சுவரும் தளமும் சேர்ந்து சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் கீழ்ஸ்தாயி வீங்கி, ஒலி கலங்கலாகிவிடும்.

சரி, உங்கள் ஹாலுக்கு வருவோம். டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சோபாவின் நடு இடத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். அவர் தலையிலிருந்து வலது சுவர் 6 அடி. பக்கவாட்டில் எத்தனை அடியோ அதில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் போனால், ஏறக்குறைய 108 டிகிரி கிடைத்துவிடும். உங்களுக்கு 6 அடிக்கு 2 அடி. ஆனால் சோபா சுவரை ஒட்டி இருப்பதால் தலைக்குப் பின்னால் ஓர் அடிதான் மிஞ்சும். 2 அடி பின்னால் போக இடமே இல்லை. அதனால் முடிந்தால் சோபாவை 2 அடி முன்னால் தள்ளிப் போடுங்கள். உங்கள் ஹாலில் காசு செலவில்லாமல் கிடைக்கிற மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் சப்வூஃபரின் சத்தமும் சில ஸ்வரங்களில் மட்டும் தூக்கலாகிக் குமுறும், தள்ளி உட்கார்ந்தால் அதுவும் அடங்கும். டிவியும் கொஞ்சம் கிட்டே வரும்.

தள்ளவே வழியில்லை என்றாலும் கவலை இல்லை. தலைக்கு நேர் பக்கத்தில், அரை அடியோ முக்கால் அடியோ பின்னால் வலது சுவரில் மாட்டுங்கள். 95 டிகிரி வாக்கில் வந்துவிடும். புத்தக அளவுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் சீலிங்கை ஒட்டிய மூலையைவிட எவ்வளவோ மேல்.

இடது பக்கம்தான் யோசிக்க வேண்டியது. சுவர் இல்லையே என்று பலர் இடது ஸ்பீக்கரை மட்டும் பின்சுவருக்குக் கொண்டுபோய், வலதைப் பக்கச் சுவரில் மாட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் இரண்டும் ஒரு ஜோடியாகவே இருக்காது. வலதிலிருந்து இடதுக்குப் பறக்கிற ஹெலிகாப்டர் பாதி வழியில் எங்கேயோ வளைந்துபோகும். என் யோசனை: இடது ஸ்பீக்கரை அடிப்பாகம் கனமான ஸ்டாண்டில் வையுங்கள். வலதில் எத்தனை அடி தூரமோ, எவ்வளவு உயரமோ, எவ்வளவு பின்னாலோ, இடதிலும் முடிந்தவரை அதே கணக்கு. குழந்தைகள் ஓடியாடுகிற வீடு என்றால், குழாய் வடிவ ஸ்டாண்டுக்குள் காய்ந்த மணலை நிரப்பிவிடுங்கள், எளிதில் சாயாது. ஒயரை நடைவழியில் குறுக்கே விடாமல் பின்சுவரோரமாகவே கொண்டுவந்து ஸ்டாண்டின் காலில் முடியுங்கள். திறந்த பக்கம் சத்தத்தைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லாததால் இடது ஸ்பீக்கர் கொஞ்சம் மெலிவாகக் கேட்கும். அதை ரிசீவரில் சரிக்கட்டலாம்.

உயரம்: சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்று, மூன்றேகால் அடியில் இருக்கும். ட்வீட்டர் (ஸ்பீக்கரில் மேல்ஸ்தாயிச் சத்தம் தருகிற சின்ன வட்டம்) அதைவிட ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடி மேலே, அதாவது தரையிலிருந்து நாலரை அடி வாக்கில் இருக்கட்டும். சரியாகக் காது மட்டத்தில் வைத்தால், ஓரத்தில் உட்காருகிறவரின் தலை மற்ற இருவருக்கும் மறைக்கும். உங்கள் சோபாவின் சாய்வு தலைக்கு மேல் நிற்கிற வகை என்றால், உட்கார்ந்த இடத்திலிருந்து ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ட்வீட்டர் காதுக்கும் சரியாகக் கேட்காது.

கடைக்காரர் சொன்ன சீலிங் ஸ்பீக்கர் கெட்ட பொருள் இல்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது. டால்பி அட்மாஸ் 2012-இல் திரையரங்குக்கும் 2014-இல் வீட்டுக்கும் வந்தது. அதில் தலைக்கு மேலிருந்து வரும் சத்தத்துக்காகத்தான் சீலிங் ஸ்பீக்கர். பக்கத்திலிருந்து வர வேண்டிய சத்தத்தையும் மேலேயே ஏற்றிவிட்டால் மேலுக்கும் பக்கத்துக்கும் வித்தியாசமே இருக்காது. தவிர, அதைப் பதிக்க ஃபால்ஸ் சீலிங் வேண்டும், வெறும் கான்கிரீட் தளத்தில் முடியாது.

இப்போது எதை வாங்குவது? முன்பக்க ஸ்பீக்கர் எந்த கம்பெனியோ, எந்த வரிசையோ, அதே வரிசையில் இருக்கிற சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. 4 அல்லது 5 அங்குல வூஃபர் (கீழ்ஸ்தாயி தருகிற பெரிய வட்டம்), ஓர் அங்குல ட்வீட்டர் போதும். ஒரே வரிசை என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. முன்னாலிருந்து ஒரு பைக் உங்களைக் கடந்து போகிறது என்றால், பாதி வழியில் அதன் இன்ஜின் சத்தம் வேறு பைக்கினுடையதாக மாறக் கூடாது. பெட்டியின் பின்புறம் காற்றுத் துளை இருக்கிற மாடலைச் சுவரை ஒட்டி மாட்டினால் கீழ்ஸ்தாயி உப்பும். துளை இல்லாததோ, முன்பக்கம் துளை உள்ளதோ பார்த்து எடுங்கள். மாட்டுவதற்குப் பின்னாலேயே சாவித்துளை மாதிரி கொக்கி இடம் இருந்தால் நல்லது.

வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிக் காட்டுகிற உச்ச வாட்ஸ் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணை ஒதுக்கிவிடுங்கள். பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை: உங்கள் ரிசீவரின் பின்னால் 6 முதல் 16 ஓம் என்று போட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் வேண்டாம். இன்னொன்று சென்சிடிவிட்டி: 87 டெசிபல் என்றால், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். இரண்டு மீட்டருக்கு அது 81 வாக்கில் இறங்கும். ஒரே ஒரு வாட்டுக்கே 81 என்றால், 10 வாட்டுக்கு 91. சரவுண்டுக்குப் பெரிய வாட்ஸ் தேவையில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

வயர்லெஸ் வாங்கினால் ஒயர் வேலை மிச்சம்தானே என்று தோன்றலாம். அதற்கும் ஸ்பீக்கர் பக்கத்தில் 230 வோல்ட் பிளக் பாயின்ட் வேண்டும். பெயின்ட் அடிக்கப்போகிற வீட்டில் ஒயர் போடுவதுதான் சரி.

ரிசீவரிலிருந்து இடது சரவுண்டுக்கு, வலது சுவரோரமாகப் போய்ப் பின்சுவரைச் சுற்றி வந்தால், ஏற்ற இறக்கமும் சேர்த்து ஏறக்குறைய 15 மீட்டர் ஆகும். போக வர 30 மீட்டர் செம்பு. 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் அதற்குச் சுமார் 0.36 ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4-க்குள் இருந்தால் போதும் என்பது பொதுக் கணக்கு, ஆக இது சரியாக இருக்கிறது. 6 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5 ஸ்கொயர் எம்எம் போடுங்கள். இரண்டு பக்க ஒயரும் ஒரே நீளம் இருக்கணும் என்று வலது பக்க ஒயரைச் சுருட்டி வைப்பார்கள், அதற்கு அவசியமே இல்லை.

வாங்கும்போது ஒயரின் முனையை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் செம்பு. வெள்ளி மாதிரிப் பளிச்சென்று தெரிந்தால், அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். தடை அதிகம், இரண்டு முறை மடக்கினால் ஒடிந்தும் போகும். சுவருக்குள் பதிக்கிற ஒயரில் இந்தச் சிக்கனம் கூடவே கூடாது.

சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி 25 எம்எம் பிவிசி பைப் பதியுங்கள். தூணிலும் பீமிலும் காடி வெட்ட விடாதீர்கள். கரன்ட் ஒயர் போகிற பைப்பிலேயே ஸ்பீக்கர் ஒயரையும் சேர்த்து இழுத்துவிடலாம் என்று சொல்வார்கள், கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். ஒயரின் காப்பு எங்கேயாவது உரிந்தால் 230 வோல்ட் நேராக ரிசீவருக்கும், அதைத் தொடுகிற கைக்கும் வரும். தனி பைப், பக்கத்தில் ஓடினால் ஓர் அடி இடைவெளி, குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாக.

சுவரில் துளை போடும் முன் சுவிட்ச் போர்டைப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு நேர் மேலேயோ கீழேயோதான் பழைய பைப் ஓடும், அந்தக் கோட்டில் ட்ரில் வைக்காதீர்கள். செங்கல் சுவருக்கு 8 எம்எம் துளையும் நைலான் பிளக்கும் நன்றாகத் தாங்கும். கனம் குறைந்த ஏஏசி பிளாக் சுவர் என்றால் சாதா பிளக் நாளடைவில் தளர்ந்துவிடும், அதற்கென்றே வருகிற பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

ஒயர் இழுத்ததும் ரிசீவரில் சொருகுவதற்கு முன்னால் ஒரு சோதனை. சுவர்க் கடிகாரத்தில் இருக்கிற 1.5 வோல்ட் செல் போதும். மறுமுனையில் ஸ்பீக்கரை மாட்டி, அதன் முன்வலையைக் கழற்றுங்கள். ரிசீவர் பக்கத்து முனையில், பிளஸ் என்று வைத்திருக்கிற ஒயரைச் செல்லின் பிளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். "டப்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும், வூஃபரின் கோன் வெளியே துள்ளும். உள்ளே இழுத்தால் ஒயர் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் இப்படி மாறிப்போனால் கீழ்ஸ்தாயி மெலிந்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. இதே காரணத்தால் புதுச் செட்டையே குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு வீட்டில், ஒயரை மாற்றிச் சொருகிய அடுத்த நிமிடமே எல்லாம் சரியாகிவிட்டது. சொருகும்போது இழைகளை இறுக முறுக்குங்கள், ஒரு மெல்லிய இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் அணைந்துவிடும்.

அப்புறம் செட்டிங். ரிசீவரோடு வந்த மைக்கை சோபாவின் நடுவில், காது உயரத்தில் வையுங்கள். ஃபேன், ஏசி, மிக்ஸி எல்லாம் நிறுத்திவிட்டு ஆட்டோ செட்டப்பை ஓட விடுங்கள். மெலிவாகக் கேட்கிற இடது பக்கத்தை இது சரிக்கட்டும். முடிந்ததும் சரவுண்ட் இரண்டும் "ஸ்மால்" என்று இருக்கிறதா, கிராஸ்ஓவர் (எதற்குக் கீழே உள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போகும் என்கிற எல்லை) 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சத்தம் போதவில்லை என்று சரவுண்டை 5, 6 டெசிபல் ஏற்றுவார்கள். ஒன்று, இரண்டுக்கு மேல் வேண்டாம். வசனம் நடுவிலிருந்துதான் வரும். சரவுண்ட் எப்போதும் பேசிக்கொண்டிருக்கிற ஸ்பீக்கர் இல்லை.

அப்படியும் சரவுண்ட் சுத்தமாக மௌனமாக இருந்தால், ஸ்பீக்கரைச் சந்தேகப்படும் முன் டிவியின் ஆடியோ அவுட்புட்டைப் பாருங்கள். அது பிசிஎம் என்கிற முறையில் இருந்தால், ஏஆர்சி (டிவியின் சத்தத்தை ரிசீவருக்கு அனுப்புகிற எச்டிஎம்ஐ இணைப்பு) வழியாகப் போகும்போது 5.1 இரண்டு சேனலாகச் சுருங்கிவிடும். ஆட்டோ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றுங்கள். யூடியூபில் பழைய பாட்டுப் போட்டுச் சோதிக்காதீர்கள். அது ஸ்டீரியோ, சரவுண்டுக்கு அதில் எதுவும் இல்லை.

அட்மாஸ் இன்றைக்கு வேண்டாம் என்றாலும், காடி வெட்டுகிற நேரத்திலேயே ரிசீவர் இடத்திலிருந்து சீலிங் ஓரம் வரை வெறும் பைப் இரண்டு பதித்து, உள்ளே நைலான் கயிறு ஒன்றை விட்டுவையுங்கள். பின்னால் ஒயர் இழுக்க அதுவே உதவும். பைப்பெல்லாம் பதித்து, பூச்சுப் பூசும் முன், டேப்பைச் சுவரில் விரித்துப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.