பழைய கணினியில் மாட் போட்ட மைன்கிராஃப்ட்: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பை மாட்களோடு, அதாவது விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் நிரல்களோடு, விளையாடும் சேலம் மாவட்ட நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில், வசதி குறைந்த கணினிகளைப் பற்றியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அஸ்தம்பட்டியில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துவதால் இத்தகைய கணினிகளோடு அன்றாடம் பழகுகிறேன். புதிய கணினி வாங்க வழியில்லாத பிள்ளைகளும் இந்த விளையாட்டை நிம்மதியாக விளையாட வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆத்தூர், கல்லூரி மாணவர்: அண்ணா, என் மடிக்கணினியில் 8 ஜிபி ராம் உள்ளது. பெரிய மாட்பேக் (மாட்களின் தொகுப்பு) ஒன்றைப் போட்டு அதற்கு 7 ஜிபி ஒதுக்கினேன். முன்பைவிட மோசமாகத் திணறுகிறது. ஏன்?

7 ஜிபி ஒதுக்கியதே காரணம், தம்பி. விண்டோஸுக்கு இரண்டு மூன்று ஜிபி வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் திரைக்கான நினைவகமும் இதே ராமிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஜாவாவும் நீங்கள் ஒதுக்கிய அளவுக்கு வெளியே தன் சொந்தத் தேவைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. ராம் தீர்ந்ததும் விண்டோஸ் மிச்சத்தை வட்டுக்குத் தள்ளுகிறது. வட்டு ராமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால் விளையாட்டு நின்று நின்று ஓடுகிறது.

8 ஜிபி கணினியில் 4 ஜிபியில் தொடங்குங்கள். விளையாடும்போது எஃப்3 விசையை அழுத்தினால் வலது மேல் மூலையில் நினைவகப் பயன்பாடு சதவீதமாகத் தெரியும். அது ஏறுவதும் சட்டென்று இறங்குவதும் இயல்பு, ஏனெனில் ஜாவா பயன்படாத நினைவகத்தை அவ்வப்போது திரட்டி விடுவிக்கிறது. இறங்கிய பிறகும் 90 சதவீதத்துக்கு அருகிலேயே நின்றால் மட்டும் அரை ஜிபி கூட்டுங்கள்.

அம்மாபேட்டை, பள்ளி மாணவர்: வேகத்தைக் கூட்டும் மாட்களின் பெயர்களை மட்டும் சொல்லுங்கள் அண்ணா. எல்லாவற்றையும் போட்டுக்கொள்கிறேன்.

பெயர்களைச் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். 'லேக்' என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் தொல்லைகள் நான்கு வகைப்படும். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது.

தலையைத் திருப்பும்போது காட்சி வெட்டி வெட்டி நகர்ந்தால் அது வரைகலைத் திணறல். காட்சி வழுவழுப்பாக நகர்ந்தும், உடைத்த கட்டை மீண்டும் முளைத்தாலோ கதவு தாமதமாகத் திறந்தாலோ அது விளையாட்டின் கணக்கு பின்தங்கியதால் வருவது. இந்த உலகம் நொடிக்கு 20 டிக் என்ற கதியில் இயங்குகிறது. ஒரு டிக்குக்குரிய வேலை 50 மில்லி நொடிக்குள் முடியாவிட்டால் உலகமே மெதுவாகிவிடும். சில நொடிகளுக்கு ஒருமுறை எல்லாம் உறைந்து விடுபட்டால் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். புதிய இடத்துக்குள் ஓடும்போது மட்டும் தடுமாறினால், புதிய நிலத்தை உருவாக்குவதும் வட்டில் எழுதுவதுமே சுமை.

வரைகலைத் திணறலுக்குச் சோடியம் மிகச் சிறந்தது. அதனோடு, கண்ணுக்கு மறைவாக உள்ள உயிரிகளையும் பெட்டிகளையும் வரையாமல் விடும் என்டிட்டி கல்லிங்கைச் சேர்க்கலாம். டிக் பின்தங்கினால் லித்தியம். நினைவகத்துக்கு ஃபெரைட்கோரும் மாடர்ன்ஃபிக்ஸும். புதிய நிலத்துக்குச் சங்க்கி: உலகத்தின் ஒரு பகுதியை இரவிலேயே உருவாக்கி வைத்துவிட்டால், விளையாடும்போது அந்த வேலை இருக்காது. இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், ஸ்பார்க் என்ற மாட் எந்த வேலை எத்தனை சதவீத நேரத்தைத் தின்கிறது என்பதைக் காட்டும். நான் முதலில் போடச் சொல்வது அதைத்தான். ஒவ்வொரு மாட்டாகச் சேர்த்து, ஒரே இடத்தில் நின்று எஃப்3 திரையில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவற்றை மாட்ரிந்த் அல்லது கர்ஸ்ஃபோர்ஜிலிருந்தே இறக்குங்கள். 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜிலேயே சில மாட்களுக்குள் தீநிரல் நுழைந்தது. அப்படியிருக்க, பெயர் தெரியாத தளங்களின் பக்கமே போக வேண்டாம்.

சூரமங்கலம்: என் மாட்பேக், ஃபோர்ஜ் என்ற மாட் ஏற்றியில் ஓடும் 1.20.1 பதிப்பு. ஆப்டிஃபைனும் சோடியமும் சேர்த்துப் போடலாமா?

கூடாது. இரண்டும் காட்சி வரைவதை வேகப்படுத்தும் ஒரே வேலையை வெவ்வேறு விதமாகச் செய்வதால் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஃபோர்ஜ் 1.20.1-க்கு, சோடியத்தை அடிப்படையாகக் கொண்ட எம்பீடியம் பொருத்தமானது. பெரிய மாட்பேக்கில் ஆப்டிஃபைனைத் தவிர்ப்பதே என் பரிந்துரை, ஏனெனில் பிற மாட்களோடு அது அடிக்கடி மோதுகிறது.

ஓமலூர்: அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் என்னிடம் இருக்கிறது, 4 ஜிபி ராம். மாட் போட்டு விளையாடவே முடியாதா?

முடியும், பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். 1.18 முதல் உலகத்தின் உயரம் 256 கட்டைகளிலிருந்து 384 கட்டைகளாகக் கூடியது. உலகத்தை விளையாட்டு பிரித்து ஏற்றும் துண்டான ஒவ்வொரு சங்க்கின் சுமையும் அதற்கேற்ப வளர்ந்தது. மேலும், 1.17 முதல் ஓப்பன்ஜிஎல் 3.2 கட்டாயம். இன்டெல் எச்டி 3000 போன்ற பழைய கிராஃபிக்ஸ் விண்டோஸில் 3.1 வரை மட்டுமே ஆதரிப்பதால், அதில் புதிய பதிப்புகள் திறக்கவே செய்யாது.

எனவே 1.12.2 பதிப்பை எடுத்து, 64 பிட் ஜாவா 8 நிறுவி, 2 ஜிபி ஒதுக்கி, நினைவகத்தை மிச்சப்படுத்தும் ஃபோம்ஃபிக்ஸோடு அளவான எண்ணிக்கையில் மாட்களைப் போடுங்கள். அந்தப் பதிப்புக்கு அருமையான மாட்கள் குவிந்து கிடக்கின்றன.  அதுவும் கனமாக இருந்தால், மைன்கிராஃப்ட் போன்ற லுவான்டியைப் பாருங்கள். 2024 வரை மைன்டெஸ்ட் என்று அழைக்கப்பட்ட இந்தக் கட்டற்ற மென்பொருள் சி++ மொழியில் எழுதப்பட்டது. எளிய கணினிகளில் நன்றாக ஓடும்.

ஏற்காடு: என்னுடையதும் சேலம் டவுனில் இருக்கும் என் மாமா மகனுடையதும் ஒரே மாடல், ஒரே மாட்பேக். அவனுக்கு மட்டும் மதியத்தில் எஃப்பிஎஸ் (நொடிக்கு வரையும் காட்சிகளின் எண்ணிக்கை) பாதியாகிவிடுகிறது. ஏன்?

வெயில்தான் காரணமாக இருக்க வேண்டும். நீங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சியாக இருக்கிறீர்கள். சித்திரை, வைகாசியில் சேலத்து அறைகள் அடுப்பாகக் கொதிக்கின்றன. செயலி தன் வெப்ப எல்லையை, அதாவது ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும், கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

விசிறியில் அடைந்த தூசியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சில ஆண்டுகள் ஆகியிருந்தால் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்ற வேண்டும். மெத்தைமேல் வைத்து விளையாடினால் காற்று உள்ளே போகாது. விளையாட்டின் அமைப்பில் எஃப்பிஎஸ் உச்ச வரம்பை 60 அல்லது 40 என்று வைப்பது நல்ல பலன் தரும், ஏனெனில் தேவைக்கு மேல் வரைந்து சூடேறும் வேலை நின்றுவிடுகிறது. வரம்பைக் குறைத்தபின் சராசரி கூடியதைப் பலருடைய கணினியில் பார்த்திருக்கிறேன்.

மேட்டூர்: அமைப்புகளில் எதைக் குறைத்தால் கண்ணுக்கு அதிகம் தெரியாமல் பலன் கிடைக்கும்?

முதலில் காட்சித் தூரம். தூரம் 8 என்றால் உங்களைச் சுற்றி 17-க்கு 17, அதாவது 289 சங்க்குகள். 16 என்றால் 1,089. எண் இரட்டிப்பாகும்போது சுமை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. 1.18 முதல் உயிரிகளும் பயிர்களும் இயங்கும் தூரத்தைத் தனியாக வைக்கலாம். அதை 5 ஆக்குங்கள். மேகங்கள், உயிரிகளின் நிழல் ஆகியவற்றை நிறுத்தினால் ஒன்றும் குறையாது. கட்டைகளின் தோற்றத்தை மாற்றும் 128 அளவுள்ள டெக்ஸ்சர் பேக்கில் இயல்பான 16 அளவைவிட 64 மடங்கு புள்ளிகள் இருப்பதால் அதைக் கைவிடுங்கள். ஒளியையும் நிழலையும் மெருகேற்றும் ஷேடரும் இந்தக் கணினிகளுக்கு வேண்டாம்.

பண்ணைகளையும் கவனியுங்கள். பொருட்களைச் சேகரிக்கும் ஹாப்பர்கள் மேலே விழும் பொருளை ஓயாமல் தேடிக்கொண்டிருப்பதால், அந்தத் தேடல் தேவைப்படாத ஹாப்பர்மேல் கம்போஸ்டர் என்ற உரப்பெட்டிக் கட்டை ஒன்றை வைத்தால் டிக் சுமை குறையும்.

செவ்வாய்ப்பேட்டை: கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். எதை வாங்கலாம்?

ஒரே ஒரு ராம் துண்டு மட்டும் இருந்து, இரண்டாவது இடம் காலியாக இருந்தால், அதே அளவில் இன்னொன்றைப் போடுங்கள். உள்ளமைந்த கிராஃபிக்ஸ் ராமின் வேகத்தை நம்பியிருப்பதால், இரு வழித்தடங்கள் கிடைத்ததும் எஃப்பிஎஸ் தெளிவாக உயரும். அடுத்தது எஸ்எஸ்டி, அது எஃப்பிஎஸ்ஸைக் கூட்டாது, திறக்கும் நேரத்தையும் புதிய இடங்களின் தடுமாற்றத்தையும் குறைக்கும்.

ஏற்காடு: இடி மழையில் கரண்ட் போனபின் என் உலகம் திறக்கவில்லை. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் உலகத்தின் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். உள்ளே லெவல்.டாட் என்ற கோப்பும், அதன் முந்தைய நகலாக லெவல்.டாட்_ஓல்டு என்ற கோப்பும் இருக்கும். முதலாவதை நீக்கிவிட்டு, இரண்டாவதற்கு அதன் பெயரைச் சூட்டித் திறந்து பாருங்கள். உலகத்தின் ஒரு பகுதியைச் சேமித்திருக்கும் ரீஜன் கோப்பு கெட்டிருந்தால், அந்த ஒரு கோப்பை மட்டும் வெளியே எடுத்தால் 32-க்கு 32 சங்க்குகள் புதிதாக உருவாகும். அங்கே கட்டியவை போய்விடும், மற்ற இடங்கள் அப்படியே இருக்கும். உங்கள் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை எஃப்3 திரையின் ஆயத்தொலைவுகளைக் கொண்டு எனக்கு எழுதினால், எந்தக் கோப்பைத் தொடக்கூடாது என்று சொல்கிறேன்.