டைவர்சிட்டி வாரம் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எச்.ஆர். வேலை. தினமும் குழித்துறையில் ரயில் ஏறி இறங்குகிறவள். எங்கள் அலுவலகத்தில் ‘டைவர்சிட்டி அண்ட் இன்க்ளூஷன்’ (எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்வது) வேலைகளை நான்தான் பார்க்கிறேன். மகளிர் தினம், பால்புதுமையினருக்கான பிரைடு மாதம், மாற்றுத்திறனாளிகள் தினம், பாகுபாடு கூடாது என்று எல்லாருக்கும் கட்டாய ஆன்லைன் வகுப்பு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். ஒப்புக்குச் செய்வதில்லை, மனதாரத்தான் செய்கிறேன்.

போன மாதம், ஊழியர்களுக்கு மார்க் போடும் வருடாந்திர மதிப்பீட்டுக் கூட்டத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். பிரசவ விடுப்பு முடிந்து வந்த ஒரு பெண்ணின் பெயர் வந்தது. நன்றாக வேலை செய்கிறவர் என்று எல்லாருக்கும் தெரியும். “பாதி வருஷம் ஆளே இல்லையே, மூணு போடுவோம். நாலை வேற யாருக்காவது குடுக்கலாம்” என்றார் மேலாளர். யாரும் மறுத்துப் பேசவில்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். மகளிர் தினத்தன்று ‘பெண்களுக்குத் துணைநிற்பவர்’ என்று அதே மேலாளருக்குத்தான் நான் கேடயம் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன்.

எங்கே தப்பு நடக்கிறது? நிறுவனங்கள் எல்லாம் நடிக்கின்றனவா? பேசாமல் இந்த வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

நடிக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. நடிப்பாக இருந்தால் ஆளை மாற்றினால் போதும், சரியாகிவிடும். உங்கள் மேலாளர் கேடயம் வாங்கும்போது உண்மையாகவே சந்தோஷப்பட்டிருப்பார். மூணு போட்டபோதும் அவருக்கு மனசு உறுத்தியிருக்காது. இத்தனை பேருக்குத்தான் நாலு கொடுக்கலாம் என்று மேலிருந்து ஓர் அளவு வந்திருக்கும். யாரிடமிருந்து எடுத்தால் சண்டை வராதோ அவரிடமிருந்து எடுத்தார். சண்டை போட அந்தப் பெண் அறையில் இல்லை. அவருக்காகப் பேச வேண்டிய நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தீர்கள். குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். விழா நடத்த உங்களுக்கு அதிகாரம் உண்டு, அந்த மூணை நாலாக்க உண்டா? உங்களுக்கு மேலே இருப்பவருக்காவது உண்டா? கோளாறு அங்கேதான்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் பிறந்தவர்கள் அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை) பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. என் சித்தி வேலை பார்த்த ஆபீஸில் தோடு உடைப்பது பெண்கள், தோல் உரிப்பது பெண்கள், தரம் பிரிப்பதும் பெண்கள். தோட்டு எண்ணெய் பட்டால் விரல் வெந்துபோகும் என்று சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் சித்தியின் விரல் நுனி எப்போதும் கறுத்தே இருக்கும். சாயங்காலம் பருப்பை எடைபோடும் இடத்தில் மட்டும் நாற்காலி போட்டு ஓர் ஆண் இருப்பார். முழுப்பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்று அவர் எழுதுவதுதான் அன்றைக்குக் கூலி. எதிர்த்துக் கேட்டால் மறுநாள் பருப்பில் இன்னும் கொஞ்சம் உடைசல் கூடும். பெண்களின் விகிதத்தை மட்டும் பார்த்தால் உலகத்தில் எந்த ஐ.டி. கம்பெனியும் அந்த ஆபீஸின் பக்கத்தில் வர முடியாது.

உங்கள் ஆண்டறிக்கையில் இருக்கும் சதவீதங்களை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். எத்தனை பேரை உள்ளே எடுத்தோம் என்பதை எண்ணுவது சுலபம், போஸ்டரில் போடவும் வசதி. யார் எடை போடுகிறார், நல்ல கிளையண்ட் வேலையை யாருக்குக் கொடுக்கிறார், யாருடைய பெயரைத் தன் மேலதிகாரியிடம் தற்செயலாகச் சொல்வதுபோலச் சொல்லிவைக்கிறார், இதெல்லாம் எந்தக் கட்டத்திலும் வராது.

எண்ணிக்கையைச் சட்டம் போட்டுக் கேட்டாலும் இதே கதைதான். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒரு பெண் இயக்குநரையாவது வைக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் வந்தது. அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கடைசியாகக் கொடுத்த கெடு 2015 ஏப்ரல் 1. கெடு நெருங்க நெருங்கப் பல முதலாளிகள் வீட்டுக்குள்ளேயே ஆளைப் பிடித்தார்கள். மனைவி, மகள், அண்ணி. சட்டம் கேட்டது நிறைவேறிவிட்டது, இயக்குநர் குழுவில் எப்போதும் பேசுகிறவர்தான் பேசினார். 2017-ல் பிரசவ விடுப்பை 26 வாரமாக்கினார்கள், நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சம்பளம் முழுவதையும் பெரும்பாலும் நிறுவனமே தர வேண்டும் என்று வைத்ததில், கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கும்போதே தயங்குவதற்கு ஒரு காரணமும் கையில் கிடைத்தது.

சாதி பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. உங்கள் ஆன்லைன் வகுப்பிலும் இருக்காது என்று ஊகிக்கிறேன். இந்தியாவின் ஆயிரம் பெரிய நிறுவனங்களில் இயக்குநர்களாக இருந்த 9,052 பேரை எண்ணி, ஏறத்தாழ 93 சதவீதம் பேர் முற்பட்ட சாதியினர் என்று 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. செபி இன்று பெரிய நிறுவனங்களிடம் வருஷா வருஷம் கேட்கும் பொறுப்பறிக்கையில் பெண் ஊழியர் எத்தனை, மாற்றுத்திறனாளி எத்தனை என்று கேட்கிறது. ஊழியர்களின் சாதிக் கணக்கைக் கேட்பதில்லை.

இதில் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை நாம் பெருமையோடு சொல்வோம், சொல்ல வேண்டியதுதான். 1859-ல் திருவிதாங்கூர் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனத்தோடு கதையைச் சுபமாக முடித்துவிடுவோம். அதை முழுசாக வாசித்துப் பாருங்கள். நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம், மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. அனுமதியும் அதே வாக்கியத்தில், சாதிப் படிக்கட்டும் அதே வாக்கியத்தில். போதாக்குறைக்கு, நீங்கள் ஏறலாம், இவர்கள் அளவுக்கு மட்டும் என்று காட்ட இன்னொரு சாதிப் பெண்களையும் இழுத்துக்கொண்டார்கள். இன்று வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் நம்மவர்கள் நடத்தும் கடைகளில், கல்லூரிகளில், ஆஸ்பத்திரிகளில், தேங்காய்ப்பட்டணம் முதல் மணக்குடி வரை உள்ள கடற்கரைப் பிள்ளைகள் எத்தனை பேர் கல்லாவிலும் கேபினிலும் இருக்கிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். இதற்காக எனக்கு நாலு வசவுக் கடிதம் வரும். வரட்டும்.

எது வேலை செய்யும் என்பது தெரியாத ரகசியமும் இல்லை. அமெரிக்காவில் பிராங்க் டாபினும் இரண்டு சமூகவியலாளர்களும் 708 தனியார் நிறுவனங்களின் முப்பது வருஷக் கணக்கை அலசி 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேலாளர்களின் மனசைத் திருத்த நடத்திய வகுப்புகளுக்குத்தான் மிகக் குறைந்த பலன். வழிகாட்டியாக ஒரு மூத்தவரைச் சேர்த்துவிட்ட இடங்களில் சுமாரான பலன். ‘இது நடக்காவிட்டால் இவர் பதில் சொல்ல வேண்டும்’ என்று ஓர் ஆளையோ குழுவையோ பொறுப்பாக்கிய இடங்களில்தான் பெண்களும் கறுப்பினத்தவரும் மேலாளர் நாற்காலிக்கு வந்தது நன்றாகத் தெரிந்தது. கட்டாய வகுப்பில் உட்காரவைத்தால் சிலர் முறைத்துக்கொண்டு இன்னும் இறுகிப்போகிறார்கள் என்பதையும் பின்னால் எழுதினார்கள். இதெல்லாம் தெரிந்தும் நிறுவனங்கள் வகுப்பையே ஏன் வாங்குகின்றன? வகுப்புக்கு ஒரு பில் வரும், கட்டினால் முடிந்தது. பொறுப்பு என்றால் ஒரு மேலாளரின் போனஸில் கைவைக்க வேண்டியிருக்கும்.

வேலையை விடச் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது, விட்டாலும் அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுக்க இன்னொருவர் வருவார், அவ்வளவுதான். ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். போன சில வருடங்களில் பிரசவ விடுப்பு எடுத்தவர்கள், விடுப்புக்கு முன் வாங்கிய மார்க், பின் வாங்கிய மார்க், போட்டவர் பெயர். எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். அதை மேலே அனுப்பி, அடுத்த மதிப்பீட்டில் இந்த மேலாளர்களின் மார்க்கில் இதையும் சேர்க்க முடியுமா என்று மின்னஞ்சலிலேயே கேளுங்கள். நேரில் கேட்டால் ஒரு காபியோடு முடித்துவிடுவார்கள். ‘போட்டவர் பெயர்’ பத்தியை எடுத்துவிடு என்று கட்டாயம் சொல்வார்கள். அதை எடுத்துவிட்டால் பட்டியல் வெறும் போஸ்டர். உங்களை வேறு பிரிவுக்குத் தூக்கியடிக்கவும் கூடும். அதையும் யோசித்துக்கொண்டு செய்யுங்கள்.

அதற்கு முன்னால் இன்னொன்று. உங்கள் நிறுவனத்தில் மார்க்கை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கெடு எத்தனை நாள் என்று பார்த்து, இன்னும் முடியவில்லை என்றால் அந்தப் பெண்ணிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று விதி இருக்கலாம். மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்பதைச் சொல்லக் கூடாது என்று இருக்காது.

அன்புடன்,
அக்கா