தருக்கத்தில் புதுச் செய்தி உண்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு காலத்தில் தத்துவத்தில் எம்.ஏ. படித்தவன் நான். தருக்கத் தாளில் "எல்லா மனிதரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர்" வகையறாவை மனப்பாடம் செய்து பாஸானேன். இயற்பியலில், உயிரியலில் வாரம் ஒரு செய்தி வருகிறது. தருக்கத்தில் அப்படி ஏதாவது நடக்கிறதா? நிரூபணங்களை இப்போது கணினியே சரிபார்த்துவிடுகிறது, இனி அந்தத் துறைக்காரர்களுக்கு வேலையில்லை என்கிறார் என் நண்பர். அது உண்மையா?

ஆர்.கே., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.கே.,

நடக்கிறது. வாரம் ஒன்று என்ற வேகத்தில் இல்லை. ஒரு கணக்கோட்பாட்டில் முரண் ஒளிந்திருக்கிறதா என்று 1937இல் எழுந்த ஒரு கேள்விக்கு 2024இல்தான் எல்லோரும் ஏற்கும் பதில் கிடைத்தது. உங்கள் நண்பரின் கேள்விக்கும் அதுவே நல்ல உதாரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கதை ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலிடம் தொடங்குகிறது. கணம் என்றால் பொருள்களின் தொகுப்பு; அதில் இருப்பவை அதன் உறுப்புகள். தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்களை எல்லாம் சேர்த்து ஒரு கணம் அமையுங்கள். அது தன்னில் உறுப்பா? ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம். 1902 ஜூனில் ரஸ்ஸல் இதை ஜெர்மன் தருக்கவியலர் ஃப்ரேகேவுக்குக் கடிதமாக எழுதினார். எண்கணிதத்தைத் தருக்கத்தின் மேல் கட்ட முயன்ற ஃப்ரேகேவின் பெரிய நூலின் இரண்டாம் தொகுதி அப்போது அச்சில் இருந்தது. அடித்தளமே ஆட்டம் கண்டுவிட்டது என்று ஒரு பின்னுரை சேர்த்துத்தான் அவர் அதை வெளியிட வேண்டியிருந்தது.

முரண்பாட்டைத் தடுக்க இரண்டு வழிகள் வந்தன. ரஸ்ஸல் பொருள்களை மாடி மாடியாக அடுக்கினார்: ஒரு கணம் தனக்குக் கீழ்மாடியில் இருப்பவற்றை மட்டுமே கொள்ளலாம். ஜெர்மன் கணிதவியலர் ஸெர்மெலோ, ஏற்கெனவே கையில் இருக்கும் கணத்திலிருந்து மட்டும் புதுக் கணத்தை வெட்டி எடுக்கலாம் என்றார். இன்று பெரும்பாலோர் போவது ஸெர்மெலோ வழியில். அதில் எல்லாவற்றையும் அடக்கும் ஒரு கணம் கிடையாது. (பள்ளிப் புத்தகத்தில் வருகிற அனைத்துக் கணம் அந்தந்தக் கணக்குக்கு வைத்துக்கொள்கிற எல்லை, அவ்வளவுதான்.)

1937இல் அமெரிக்கத் தத்துவவாதி குவைன் மூன்றாவதாக ஒரு வழி சொன்னார். மாடிகளே வேண்டாம், கணத்தை வரையறுக்கும் வாக்கியத்தை மட்டும் பாருங்கள் என்றார். வாக்கியத்தில் வரும் மாறிகளுக்கு எண் கொடுங்கள். "எக்ஸ், ஒய்யின் உறுப்பு" என்று வரும் இடமெல்லாம் ஒய்யின் எண் எக்ஸின் எண்ணைவிடச் சரியாக ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். "எக்ஸ், ஒய்க்குச் சமம்" என்றால் இரண்டுக்கும் ஒரே எண். இப்படி எண் கொடுக்க முடிந்தால் அந்தக் கணம் உண்டு. "எக்ஸ், எக்ஸின் உறுப்பு அல்ல" என்பதற்கு எண் கொடுத்துப் பாருங்கள். எக்ஸ் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும். நடக்காது, ரஸ்ஸலின் கணம் வாசலிலேயே நின்றுவிடும். "எக்ஸ், எக்ஸுக்குச் சமம்" தேறிவிடும். அதாவது எல்லாவற்றையும் அடக்கும் கணம் இங்கே உண்டு. அது தனக்குத் தானே உறுப்பும்கூட.

அழகான யோசனை. ஆனால் வேறெங்காவது முரண் ஒளிந்திருந்தால்? 1953இல் ஸ்பெக்கர் என்ற கணிதவியலர், இந்த அமைப்பில் தேர்வு மெய்கோள் (வெறுமையில்லாத கணங்கள் எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற அடிப்படை விதி) பொய்யாகிவிடும் என்று நிரூபித்தார். கணிதக்காரர்கள் தினமும் புழங்கும் மெய்கோள் அது. சந்தேகம் கூடியது. 1969இல் யென்சன் என்ற தருக்கவியலர், உறுப்பே இல்லாத, ஆனால் கணமும் அல்லாத பொருள்களை உள்ளே அனுமதித்தால் முரண் வராது என்று காட்டினார். அந்தச் சிறு தளர்வு இல்லாத குவைனின் மூல வடிவம் மட்டும் தொங்கலிலேயே நின்றது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்ஸியில் பேராசிரியரான ராண்டல் ஹோம்ஸ், 2010 வாக்கிலிருந்து தன்னிடம் நிரூபணம் இருப்பதாகச் சொல்லிவந்தார். ஒன்றுக்குள் ஒன்றாகச் சிக்கிய வரையறைகள், திருத்தத்துக்கு மேல் திருத்தம். உலகத்திலேயே அதைப் படிக்கக்கூடியவர்கள் சொற்பம், அவர்களாலும் முழுசாகப் படித்து முடிக்க முடியவில்லை. தவறு என்று சொல்லவும் ஆளில்லை, சரி என்று சொல்லவும் ஆளில்லை.

அப்புறம்தான் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த ஸ்கை வில்ஷா வருகிறார். லீன் என்ற மென்பொருளில் அந்த நிரூபணத்தைப் படிப்படியாக எழுதத் தொடங்கினார். லீனிடம் "இது வெளிப்படை" என்று தாண்டிப்போக முடியாது. ஒவ்வொரு படியும் முந்தையதிலிருந்து வருகிறதா என்று பார்க்கும், வராவிட்டால் மறுத்துவிடும். 2024இல் வேலை முடிந்தது. நிரூபணத்தின் கடினமான பாதிதான் லீனில் ஏறியது: வகைகள் (ரஸ்ஸலின் மாடிகள் போன்றவை) ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் வேறொரு கோட்பாட்டுக்கு ஒரு மாதிரி, அதாவது அதன் விதிகள் எல்லாம் பொருந்தும் ஓர் அமைப்பு, உண்டு என்பது. மாதிரி இருந்தால் முரண் இல்லை. அந்தக் கோட்பாடு முரணற்றது என்றால் குவைனுடையதும் முரணற்றதே என்பதை ஹோம்ஸ் 1995லேயே தாளில் நிரூபித்திருந்தார். அதில் யாருக்கும் தகராறு இல்லை.

இனி உங்கள் நண்பருக்கு. நிரூபணத்தைக் கண்டுபிடித்தது ஹோம்ஸ். அதை லீன் ஏற்கும் வடிவில் யோசித்து எழுதியது வில்ஷா. கணினி செய்தது கணக்குப்பிள்ளை வேலை. அதிலும் ஓர் ஓட்டை உண்டு: வரையறையைத் தப்பாக எழுதியிருந்தால், அந்தத் தப்பான பொருளைப் பற்றிய நிரூபணத்துக்கும் லீன் சந்தோஷமாகவே முத்திரை குத்தும். ஆகவே கடைசித் தேற்றத்தின் வாசகத்தையும் அதில் வரும் வரையறைகளையும் ஆள்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். முன்பு நிரூபணம் முழுவதையும் நம்பவேண்டியிருந்தது, இப்போது சில பக்கங்களை நம்பினால் போதும். என்னைக் கேட்டால் உண்மையான செய்தி இதுதான். ஒரே அளவுப் பந்துகளை மிக நெருக்கமாக அடுக்குவது பற்றிய கெப்ளர் அனுமானத்துக்குக் கணிதவியலர் ஹேல்ஸ் 1998இல் நிரூபணம் தந்தபோதும், நடுவர்கள் முழு உறுதி தர முடியாமல் திணறி, 2014இல் கணினிச் சரிபார்ப்பில்தான் விஷயம் முடிந்தது.

இதனாலெல்லாம் முழு உத்தரவாதம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எண்கணிதம் அடங்கும் முரணற்ற அமைப்பு எதுவும் தன் முரணின்மையைத் தானே நிரூபிக்க முடியாது என்று காட்டி, தருக்கவியலர் கோடல் 1931லேயே அந்தக் கதவைச் சாத்திவிட்டார். வழக்கமான கணக்கோட்பாடு முரணற்றது என்றால் குவைனுடையதும் முரணற்றது, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஏன் முரண் வரவில்லை என்பதற்கு ஒரு பக்கத்தில் அடங்கும் விளக்கம் ஹோம்ஸின் நிரூபணத்தில் கிடைக்காது. அந்த விளக்கத்தைத் தேடும் வேலை துறைக்காரர்களுக்கு அப்படியே இருக்கிறது.

உங்களுக்கும் ஒரு வேலை. எக்ஸை மட்டும் உறுப்பாகக் கொண்ட கணத்தை எக்ஸோடு ஜோடி சேர்க்கப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஓர் ஒற்றைக் கணம் உண்டு. ஆனாலும் குவைனின் உலகில் ஒற்றைக் கணங்களின் எண்ணிக்கை, பொருள்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு. ஏன் என்பது மேலே சொன்ன எண் கொடுக்கும் விதியிலேயே இருக்கிறது. விடை கிடைத்தால் எழுதுங்கள்.