எடுத்து வைத்த கலப்பினப் பருத்தி விதையும் இழையின் தரமும்

கேள்வி: இலங்கை மலையகத்து அப்புத்தளையில் குடியிருந்துகொண்டு, கீழே தாழ்நிலத்து வெல்லவாயப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பருத்தி செய்கிறேன். வாங்கிய கலப்பின விதையில் இழை நீளமாகவும் சீராகவும் வந்தது. அதில் எடுத்து வைத்த விதையை அடுத்த பெரும்போகத்தில் விதைத்தபோது இழை ஒன்றோடொன்று ஒவ்வாமல் போய், விலையும் குறைந்தது. வீரியத்தை மீட்க வழியுண்டா? வீட்டருகிலும் விதைக்கலாமா?

பதில்: ஐயா, உங்கள் பராமரிப்பில் குறையில்லை, விதையின் தலைமுறைதான் மாறியிருக்கிறது. கலப்பின வீரியம், அதாவது இரு வேறு பெற்றோரைக் கலப்பதால் செடிக்குக் கிடைக்கும் கூடுதல் வளமும் விளைச்சலும், முதல் தலைமுறையிலேயே முழுமையாக நிற்கும். அந்தச் செடி தானே கருவுற்றுத் தரும் விதையில் கலப்பு நிலை பாதியாகக் குறைவதோடு, இரு பெற்றோரின் குணங்களும் செடிக்குச் செடி வெவ்வேறாகப் பிரிந்துவிடுகின்றன. நீண்ட இழையும் குட்டை இழையும் ஒரே மூட்டையில் சேர்ந்தால் நூற்கும்போது நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதால்தான் வாங்குபவர் விலையைக் குறைக்கிறார்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீரியம் பெரும்பாலும் காய்களின் எண்ணிக்கையிலும் விளைச்சலிலும் வெளிப்படுகிறதே தவிர, இழையின் நீளத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பெற்றோர்த் தெரிவுதான். கர்நாடகத்தின் தார்வாட்டிலிருந்து 1972இல் வெளிவந்த வரலட்சுமி என்ற கலப்பினப் பருத்தி இதற்கு நல்ல உதாரணம்: அமெரிக்கப் பருத்தி இனமான லட்சுமியைத் தாயாகவும், எகிப்தியப் பருத்தி வகையொன்றைத் தந்தையாகவும் கொண்டதாலேயே அதில் மிக நீண்ட இழை கிடைத்தது. பெற்றோர் விதைகள் இரண்டும் கைவசமிருந்தால் மட்டுமே நீங்களே கலப்பு செய்ய இயலும். மறுநாள் மலரவிருக்கும் மொட்டில் மாலையில் மகரந்தப் பைகளை அகற்றிவிட்டு, காலையில் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். மிகப் பொறுமை வேண்டிய வேலை இது. இல்லையேல் ஒவ்வொரு போகத்துக்கும் புதிய கலப்பின விதை வாங்குங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால், விதை எடுத்து வைக்கக்கூடிய நிலையான இரகமொன்றுக்கு மாறிவிடுங்கள்.

அப்புத்தளையில் விதைக்க வேண்டாம். பூ மலர்ந்து ஏறத்தாழ மூன்று வாரம் இழை நீள்கிறது; பின்னரே அதன் சுவர் தடிக்கிறது. 1,400 மீற்றருக்கு மேற்பட்ட அந்த உயரத்தின் குளிர்ந்த இரவுகளில் இவ்விரண்டும் தடைப்பட்டு, சாயம் சரியாகப் பிடிக்காத, முதிராத மெல்லிழையே கிடைக்கும். வெடித்த காயில் மழையும் மூடுபனியும் படிந்தால் இழை நிறமும் மங்கும். மேட்டு நிலத்தை மரக்கறிக்கே விட்டுவிட்டு, வெல்லவாயக் காணியில் மழை ஓய்ந்த பின் காய் வெடிக்கும்படி பெரும்போக விதைப்பை அமைத்துக்கொள்ளுங்கள்.