பல சென்சார், ஒரே ஆர்டுயினோ: கேள்வி பதில்

கேள்வி (எண்ணூர்): அண்ணா, 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சதுல இருந்து, வீட்டுலயே காத்தை அளக்கணும்னு ஆசை. ஆர்டுயினோ ஊனோ போர்டுல (சென்சாரைப் படிக்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டு) வாயுவைக் கண்டுபிடிக்கிற எம்கியூ சென்சார் மூணு போட்டேன். லேப்டாப்ல செருகினா போர்டு அடிக்கடி ரீசெட் ஆகுது. ஒயர் மாட்டுற பின் பத்தலையா?

பதில்: பின் இருக்கு தம்பி, கரண்ட்தான் பத்தல. எம்கியூ சென்சாருக்குள்ள சூடேறுற சுருள் ஒண்ணு இருக்கு. ஒவ்வொண்ணும் சுமார் 150 மில்லிஆம்ப் இழுக்கும். மூணுக்கு 450, யூஎஸ்பி போர்ட் தர்றதே 500தான். சென்சாருக்குத் தனியா 5 வோல்ட், 2 ஆம்ப் அடாப்டர் வைங்க. அடாப்டர் கிரவுண்டையும் போர்டு கிரவுண்டையும் கண்டிப்பா சேர்த்துடுங்க, இல்லன்னா ரீடிங் கன்னாபின்னான்னு வரும்.

ஒண்ணு மனசுல வைங்க: எம்கியூ வகையில ஒண்ணான எம்கியூ135 அமோனியாவையும் புகையையும் பிரிச்சுச் சொல்லாது. நெடி வந்தா ரீடிங்கைப் பார்த்துட்டு நிக்காதீங்க. ஈரத்துணியை மூக்குல வச்சுக்கிட்டு வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டுக் கிளம்புங்க.

கேள்வி (வியாசர்பாடி, டிப்ளமோ மாணவி): அசைவை அளக்குற எம்பியூ6050, டிஎஸ்3231 கடிகாரம் ரெண்டும் ஊனோவோட ஏ4, ஏ5 பின்லதான் இருக்கு. தனித்தனியா ஓடுது, சேர்த்தா தப்புத் தப்பா வருது.

பதில்: அந்த ரெண்டு பின்லயும் ஓடுறது ஐ2சி, அதாவது ரெண்டே ஒயர்ல பல சென்சாரை முகவரி வச்சுக் கூப்பிடுற முறை. ரெண்டுக்கும் ஐ2சி முகவரி ஒண்ணேதான்மா, ஹெக்ஸ்ல (பதினாறு அடிப்படையில எழுதுற எண்) 68. ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்ட மாதிரி. எம்பியூவோட ஏடி0 பின்னை 3.3 வோல்ட்டுல கட்டுங்க, அது 69 ஆயிடும். புரோகிராம்லயும் 69னு மாத்தணும். முகவரியே மாத்த முடியாத ஒரே மாதிரி சென்சார் ரெண்டு இருந்தா, டிசிஏ9548ஏ மல்டிபிளக்சர் வாங்குங்க. எட்டுக் கிளை பிரிச்சுக் கொடுக்கும்.

கேள்வி (காசிமேடு): மீன் ஐஸ் பெட்டிக்குள்ள வெப்பமும் ஈரப்பதமும் அளக்குற டிஎச்டி22 சென்சார் வச்சேன். மூணே வாரம், ரீடிங் நின்னுபோச்சு.

பதில்: ஜம்பர் ஒயரைப் பிடுங்கி முனையைப் பாருங்க, பச்சையா பூத்திருக்கும். உப்புக்காத்து வேலை. என் மொட்டைமாடிப் பெட்டியிலயும் இதேதான் ஆச்சு. ஒயரைச் சும்மா செருகி வைக்கிற பிரெட்போர்டைத் தூக்கிப்போட்டுட்டு எல்லாத்தையும் சால்டர் பண்ணினேன். ஐஸ் பெட்டிக்கு ஸ்டீல் குழாய்க்குள்ள வர்ற டிஎஸ்18பி20 வெப்ப சென்சார்தான் சரி. ஒவ்வொண்ணுக்கும் தனி எண் பொறிச்சே வருது. அதனால நாலு பெட்டிக்கு நாலு சென்சார் வச்சாலும் ஒரே பின் போதும். டேட்டா ஒயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணே ஒண்ணு போடுங்க.

கேள்வி (தண்டையார்பேட்டை): எல்லாத்தையும் மாட்டிட்டேன், வேலை செய்யல. எங்க ஆரம்பிக்கிறது?

பதில்: எல்லாத்தையும் கழட்டுங்க. ஒண்ணை மாட்டி, ரீடிங் வந்த பிறகு அடுத்தது. எது மாட்டினதும் நிக்குதோ, அந்த ஒயரிங்கைப் படம் எடுத்து அனுப்புங்க, பார்த்துடலாம்.