ஸ்விட்ச் 2-க்கு மாறலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கையிலும் டிவியிலும் ஆடக்கூடிய கேம் மெஷினான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5 அன்று வந்தது. பழைய ஸ்விட்சை வைத்திருப்பவர்கள் மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். எந்த மாடல் இருக்கிறது, டிவியில் ஆடுகிறீர்களா கையிலா என்று சொல்லாத கேள்விகளை விட்டுவிட்டேன். அது தெரியாமல் பதில் சொன்னால் ஜோசியம்தான்.

கார்த்திக்: என்னிடம் 2017-ல் வந்த முதல் மாடல். முக்கால்வாசி நேரம் டிவியில்தான். செல்டா டியர்ஸ் ஆஃப் த கிங்டம் பாதியில் நிற்கிறது. மாறலாமா அண்ணா?

மாறுங்கள். இந்தப் பட்டியலிலேயே யோசிக்க வேண்டாத ஆள் நீங்கள்தான். பழைய ஸ்விட்சில் அந்த கேம் விநாடிக்கு 30 ஃபிரேம், கூட்டமான இடங்களில் அதுவும் திணறும். புதியதில் 60, லோடிங்கும் சட்டென்று முடிகிறது. அதற்கான அப்கிரேட் பேக் அமெரிக்க விலையில் 10 டாலர். ஆன்லைன் சந்தாவில் எக்ஸ்பேன்ஷன் பேக் திட்டம் எடுத்திருந்தால் தனியாகக் காசு கட்ட வேண்டாம். சூப்பர் மாரியோ ஒடிஸி, போகிமான் ஸ்கார்லெட், வயலெட்டுக்கு அப்டேட் இலவசம். போகிமான் அந்த இரண்டும் முதலிலேயே இப்படி ஓடியிருக்க வேண்டியவை, அது வேறு கதை.

ரம்யா: ஓலெட் மாடல் வைத்திருக்கிறேன். ரயிலில் போய்வரும்போது ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட். டிவியோடு இணைக்கும் டாக்கை வெளியே எடுத்ததே இல்லை. எல்லோரும் வாங்குகிறார்கள், எனக்கும் ஆசையாக இருக்கிறது.

ஆசை சரி, லாபம் இல்லை. உங்கள் திரை 7 அங்குல ஓலெட். புதியது 7.9 அங்குலம், 1080பி, 120 ஹெர்ட்ஸ், ஆனால் எல்சிடி. கறுப்பு உங்களுடையதில்தான் கறுப்பாக இருக்கும். வேகமான காட்சிகளில் புதிய திரை லேசாக மங்குகிறது என்பதைச் சோதித்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எடையும் கூடுதல்: பக்கத்தில் மாட்டும் கன்ட்ரோலரான ஜாய்-கானோடு சேர்த்து உங்களுடையது சுமார் 420 கிராம், அது 534. பேட்டரி கணக்கு இன்னும் மோசம். நிண்டெண்டோ சொல்லும் அளவே ஓலெட்டுக்கு நாலரை முதல் 9 மணி நேரம், ஸ்விட்ச் 2-க்கு 2 முதல் ஆறரை. ஹாலோ நைட்டின் அடுத்த பாகமான சில்க்சாங் உங்கள் மெஷினுக்கும் வந்துவிட்டது. டாங்கி காங் பனான்சா மாதிரி ஸ்விட்ச் 2-ல் மட்டும் கிடைக்கும் கேம் ஒன்று நிஜமாகவே இழுத்தால் அப்போது பேசலாம்.

ஜெகன்: 512 ஜிபி மெமரி கார்டு, இரண்டு ஜோடி ஜாய்-கான், ஒரு கூடுதல் டாக் இருக்கிறது. எதெல்லாம் உதவும்?

கார்டு உதவாது. கேம்களை வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு மட்டுமே ஏற்கும். பழைய கார்டிலிருந்து ஸ்கிரீன்ஷாட், வீடியோவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே 256 ஜிபி இருப்பதால் முதல் நாளே புதுக் கார்டுக்கு ஓட வேண்டாம். ஜாய்-கான் வயர்லெஸ்ஸாக வேலை செய்யும், ஆனால் பக்கத்தில் மாட்ட முடியாது. சார்ஜ் ஏற்றப் பழைய ஸ்விட்சோ சார்ஜிங் கிரிப்போ வேண்டும். ரிங் ஃபிட் என்ற உடற்பயிற்சி கேம் ஆடுகிறவர் என்றால் அவற்றை விற்றுவிடாதீர்கள், அதற்குப் பழைய ஜாய்-கான்தான் வேண்டும். டாக் பொருந்தாது.

பெயர் வேண்டாம் என்றவர்: பழையதை விற்றால்தான் புதியது. போகிமான் வயலெட்டில் நிறைய மணி நேரம் போட்டிருக்கிறேன். சேவ் போய்விடுமா?

அவசரப்பட்டு ரீசெட் செய்தால் போய்விடும். போகிமான் வயலெட்டுக்கு, ஆன்லைனில் நகல் வைக்கும் கிளவுட் சேவ் கிடையாது, சந்தா இருந்தாலும் கிடையாது. இரண்டு மெஷினையும் பக்கத்தில் வைத்து சிஸ்டம் டிரான்ஸ்ஃபர் செய்வதுதான் நிம்மதியான வழி. ஒரு வாரம் நண்பரிடம் கடன் வாங்கியாவது புதியதை முதலில் வாங்கப் பாருங்கள். முடியாது என்றால், பழைய ஸ்விட்சிலிருந்து நிண்டெண்டோ சர்வருக்கு டேட்டாவை ஏற்றிவைத்து, பிறகு புதியதில் இறக்கிக்கொள்ளலாம். ஏற்றியதும் பழைய மெஷின் ஃபேக்டரி ரீசெட் ஆகிவிடும். ஏற்றியது ஒரு வருடம்தான் இருக்கும்.

செந்தில்: தம்பி டோக்கியோவில் இருக்கிறான். அங்கே 49,980 யென்னுக்குக் கிடைக்கிறதாம். வாங்கிவரச் சொல்லவா?

நில்லுங்கள். அது 2025-ல் ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடலுக்கு வைத்த விலை. மெனு ஜப்பானியத்தில் மட்டும் வரும், அதைவிட முக்கியம், நாடு ஜப்பான் என்று போட்ட அக்கவுண்ட்டை மட்டுமே இணைக்க முடியும். ஏற்கெனவே வேறு நாட்டு அக்கவுண்ட்டில் கேம்கள் வாங்கியிருந்தால் அவை அதில் வராது. பல மொழி மாடல் 69,980 யென் என்று வந்தது. அதில் இந்தச் சிக்கல் இல்லை. தம்பியிடம் பெட்டியின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். இந்தியாவில் நிண்டெண்டோ நேரடியாக விற்பதில்லை, ஆகவே எங்கிருந்து வந்தாலும் பழுது என்றால் அலைச்சல் உண்டு.

அருள்: செகண்ட் ஹேண்டில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் முன்னால் வைஃபையில் இணைத்து நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான இ-ஷாப் திறக்கிறதா என்று பாருங்கள். திருட்டுக் கார்ட்ரிட்ஜ் போட்டு ஆடிய சில மெஷின்களை நிண்டெண்டோ ஆன்லைனிலிருந்து தடைசெய்திருக்கிறது. தடை மெஷினுக்கு, ஆளுக்கு அல்ல. மெஷின் கை மாறினாலும் தடை அப்படியேதான் இருக்கும். விற்பவர் "வைஃபை இல்லை சார்" என்றால் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். இதோடு இன்னொன்று, பெட்டியில் கேம்-கீ கார்டு என்று போட்ட கேம்களில் கேமே இருக்காது. கார்டு வெறும் சாவி, முழுசாக டவுன்லோட் செய்ய வேண்டும். மறுபடி விற்கலாம், அது ஒன்றுதான் ஆறுதல்.

நிவேதா: ஜாய்-கான் டிரிஃப்ட், அதாவது குச்சியைத் தொடாமலே அசையும் கோளாறு, தீர்ந்ததா?

குச்சி பெரிதாகியிருக்கிறது, அசைவும் நன்றாக இருக்கிறது. ஆனால் டிரிஃப்ட்டைத் தவிர்க்கும் காந்த வகையான ஹால் எஃபெக்ட் ஸ்டிக் இல்லை என்று நிண்டெண்டோவே சொல்லிவிட்டது. அதை நம்பி மட்டும் மாறாதீர்கள்.

ஒரு அப்பா: பையனுக்கு எட்டு வயது, ஸ்விட்ச் லைட் இருக்கிறது. நண்பன் வீட்டில் மாரியோ கார்ட் வேர்ல்டு பார்த்துவிட்டு விடாமல் நச்சரிக்கிறான்.

அந்த கேம் ஸ்விட்ச் 2-ல் மட்டும்தான், 2025-ல் வந்தபோது அமெரிக்க விலை 80 டாலர், மெஷின் 450. லைட்டில் மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் இருக்கிறதா? கூடுதல் டிராக் தரும் பூஸ்டர் கோர்ஸ் பாஸும் சேர்த்தால் மொத்தம் 96 டிராக். ஒரு வருடம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் அந்த நண்பனை ஒருநாள் வீட்டுக்கு அழையுங்கள். ஸ்விட்ச் 2-ல் கேம்ஷேர் என்று ஒன்று இருக்கிறது, கேப்டன் டோட் போன்ற சில கேம்களைப் பக்கத்தில் உள்ள பழைய ஸ்விட்சோடும் பகிர்ந்து ஆடலாம், லைட்டிலும் வரும். மாரியோ கார்ட் வேர்ல்டு அந்தச் சிலவற்றில் இல்லை, அதைப் பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.