வேகம் இருந்தும் விழுவது ஏன்?

கேள்வி: தாழப் பறந்து சாகசம் செய்யும் சிறு விமானங்கள், நல்ல வேகத்தில் போகும்போதே தரையில் மோதுகின்றனவே, எப்படி?

பதில்: வேகமானியை மட்டும் நம்புவதில்தான் வினை. இறக்கை தூக்குவிசையை இழப்பதை, அதாவது ஸ்டால் ஆவதைத் தீர்மானிப்பது வேகமல்ல; எதிர்க்காற்றோடு இறக்கை அமைக்கும் கோணம். நேராகப் பறக்கையில் 50 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் இரு மடங்கு சுமை ஏறி, ஏறத்தாழ 71 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகும்.

லூப், அதாவது செங்குத்தாக ஒரு முழு வட்டமடிக்கும் சாகசத்தின் இறங்கு பாதியில், தரை நெருங்குவதைக் கண்டு ஸ்டிக்கை (விமானியின் கட்டுப்பாட்டுக் கோலை) வெடுக்கென்று இழுப்பது இயல்பு. மூக்கு நிமிரும்; ஆனால் கோணம் மிஞ்சி ஸ்டால் ஆகி, விமானம் கீழேயே போகும். ஆகவே லூப்பின் உச்சியில், விமானம் தலைகீழாக இருக்கையிலேயே உயரமானியைப் பார்த்தாக வேண்டும். திட்டமிட்ட உயரம் இல்லையென்றால் மூக்கைக் கீழே இழுக்காமல், அங்கேயே உருண்டு நிமிர்ந்து வெளியேறிவிட வேண்டும். வெயில் நாளிலும் மேட்டு நிலத்திலும் காற்றின் அடர்த்தி குறைவு. வேகமானி அதே எண்ணைக் காட்டினாலும் உண்மை வேகம் கூடி, லூப்பின் வட்டம் பெரிதாகும்.

ஸ்டால் ஆன விமானம் சுழன்றபடி விழத் தொடங்கினால் (இதுவே சுழல்) பொதுவான முறை: த்ராட்டிலை (எஞ்சின் விசையை) குறை, ஏலரானை (இறக்கை ஓரத்துச் சாய்ப்புத் தகட்டை) நடுவில் வை, சுழலுக்கு எதிர்ப்பக்க ரட்டரை (வால் சுக்கானை) முழுக்க மிதி, ஸ்டிக்கை முன்னே தள்ளு. சொல்ல எளிது, ஒரு சுற்றுக்கே சில நூறு அடி கரைந்துவிடும். அமெரிக்க விதி சாதாரணமாகத் தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே சாகசத்தைத் தடுக்கிறது.